சபைக் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்?

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாட்டின் நிர்வாகத்தைக் கவனிக்கவும் தேர்தலை நடத்தவும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. 2023 ஜனவரியில் நடந்த சினாட் தேர்தலும், பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக உயர்த்திய சட்டத் திருத்தமும்தான் வழக்கின் மையம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தமிழ்நாட்டுச் சபைகளுக்கு இது புதிதும் இல்லை. தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும் ஓய்வுபெற்ற நீதிபதி நிர்வாகியாக அமர்ந்த காலம் உண்டு.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என மூன்று ஓடைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது உலகக் கிறிஸ்தவம் திரும்பிப் பார்த்தது. பேராயர் முறையை உயிராகக் கருதிய சபையும், பேராயரே வேண்டாம் என்றிருந்த சபைகளும் ஒரே கூரைக்குள் வந்தன. பேராயர் இருப்பார், ஆனால் தனித்து ஆளமாட்டார். சபையார் தேர்ந்தெடுத்த மன்றத்தோடு சேர்ந்தே ஆள்வார் என்பதுதான் அன்று ஏற்பட்ட உடன்பாடு. அந்த உடன்பாட்டைக் காப்பாற்ற 77 ஆண்டுகள் கழித்து வெளியிலிருந்து நீதிபதிகள் வரவேண்டியதாயிற்று.

இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் ஆலய வாசலில் நின்று பேசுகிறவர்களின் விரல் மேலேதான் நீளும். பேராயர் சரியில்லை, லே செயலர் (குருவல்லாத செயலர்) சரியில்லை, சினாட்டே சரியில்லை என்பார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் ஊர்ச் சபைகள் சில சேர்ந்த சேகரத்திலிருந்து, பேராயரின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்தின் பெருமன்றத்துக்கும், அங்கிருந்து சினாட்டுக்கும் ஓட்டு வாங்கிப் படிப்படியாக ஏறிப் போனவர்கள். முதல் ஓட்டைப் போட்டது ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பெஞ்சில் உட்காருகிற சபையார். உள்ளூர்ச் சபையில் கணக்கு கேட்கும் பழக்கம் தேய்ந்துபோனதால்தான் மேலே நீதிமன்றம் கணக்கு கேட்க வேண்டியிருக்கிறது என்பது என் முடிவு. ஆகவே இந்தக் கட்டுரை பேராலயங்களைப் பற்றியது அல்ல. ஊர்க் கோயிலைப் பற்றியது.

வெஸ்ட்ரி மேஜையில்

தெற்கத்திச் சபை ஒன்றில் ஆலயத்தை ஒட்டிய அறையான வெஸ்ட்ரியை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு எட்டிப் பார்த்தால் ஒரு காட்சி தெரியும். காணிக்கைப் பைகள் மேஜையில் கவிழ்க்கப்பட்டிருக்கும். கசங்கிய பத்து ரூபாய்த் தாள்களை ஒருவர் நீவி அடுக்குவார். இன்னொருவர் நாணயங்களைப் பிரித்து வைப்பார். பிறந்தநாள், திருமணநாள், பரீட்சையில் தேறியது, அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதிய ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள் தனியாக இருக்கும். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் மறுபடி எண்ணுவார். பிறகு பதிவேட்டில் அன்றைய தேதி, பிரசங்கம் செய்தவர், வந்தவர்கள் எத்தனை, திருவிருந்து எடுத்தவர்கள் எத்தனை, காணிக்கை எவ்வளவு என்று ஒரு வரி ஏறும். எண்ணியவர்களும் குருவானவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த ஒரு வரிக்குள் சபை நிர்வாகத்தின் இலக்கணம் முழுவதும் இருக்கிறது. பணத்தை ஒற்றை ஆள் எண்ணக் கூடாது. எண்ணியவரே செலவழிக்கக் கூடாது. செலவழித்தவரே தணிக்கை செய்யக் கூடாது. எழுத்தறிவு குறைந்த கிராமங்களில்கூட நம் தாத்தாக்கள் இதை ஒழுங்காகச் செய்தார்கள்.

கோளாறு காணிக்கைப் பையில் தொடங்குவது அரிது. பைக்கு வெளியேதான் தொடங்கும். கட்டட நிதி, அசனம் என்ற சபை விருந்துக்கு வாங்கிய அரிசியும் ஆடும், கோயில் கடைகளின் வாடகை, கல்லறைத் தோட்ட மதில், இப்படி. அறுப்பின் பண்டிகை ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயும் ஒரு வாழைத்தாரும் சந்தை விலையைப் போல பல மடங்குக்கு ஏலம் போகும். அது வியாபாரம் இல்லை, நன்றிக்கடன். ஆனால் சத்தமாக விலை சொன்னவர் எல்லாரும் அன்றைக்கே பணம் கட்டுவதில்லை. ஏலப் பாக்கி என்று ஒரு பட்டியல் நிற்கும். ஏழை வீட்டுப் பாக்கி ஆலயத்தில் பெயரோடு வாசிக்கப்படுவதும், கமிட்டிக்காரரின் உறவினர் பாக்கி அடுத்த ஆண்டு நோட்டில் ஏறாமலே போவதும் உண்டு. சபைக்குள் பகை முளைக்கிற இடம் இதுதான். லட்சக்கணக்கில் மோசடி நடந்தால்தான் நம்பிக்கை போகும் என்றில்லை. ஒரு வாழைத்தார் போதும்.

இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. பீடத்துக்குப் பக்கத்துத் தூணிலும், வாசல் அறிவிப்புப் பலகையிலும், யூடியூப் நேரலைத் திரையின் மூலையிலும் கியூஆர் கோடு. ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். சபையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கா, போதகரின் சொந்தப் பெயரா, அவர் மனைவி பெயரா? இருவர் எண்ணி இருவர் கையெழுத்துப் போட்ட மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பணம் போகிறது. பதிவேட்டில் இதற்கு வரி உண்டா என்று கேட்கிற சபை எத்தனை?

ஐயர், துரை, பண்ணையார்

தலைமை யாருடையது என்ற சண்டை நெல்லைச் சீமைக்குப் பழசு. பாளையங்கோட்டையில் 1820 முதல் ஊழியம் செய்த மிஷனரி இரேனியுஸ் ஐயரை, அவரை அனுப்பிய சர்ச் மிஷனரி சங்கமே 1835-ல் நீக்கியது. பேராயரின் கை இல்லாமல் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்பதும் அந்தத் தகராறில் ஒன்று. சபையார் இரண்டாகப் பிரிந்தார்கள். 1838-ல் அவர் இறக்கும்வரை காயம் ஆறவில்லை. ஆனாலும் அவர் 1830-ல் தொடங்கிய தரும சங்கம், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்கச் சபையாரும் சேர்ந்து காசு போட்ட ஏற்பாடு. கொடுத்தவனுக்கு நிர்வாகத்திலும் அக்கறை வரும் என்பதை நெல்லை அப்போதே கண்டுவிட்டது.

வெள்ளைக்கார ஐயர்மாரின் தலைமை தகப்பன் தலைமை. பள்ளிக்கூடம் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், கலெக்டரிடம் வழக்காடினார்கள். அதே கையால் வேலையை விட்டும் நீக்கினார்கள், மேல்முறையீடு கிடையாது. நாசரேத் வட்டாரத்தில் மிஷனரியால் வேலைநீக்கம் செய்யப்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, 1857-ல் முக்குப்பேறியில் தன் ஆட்களோடு தனிச் சபையே தொடங்கிவிட்டார். வெளிநாட்டுப் பணமோ மிஷனரியோ இல்லாத சபை. அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்கவில்லை. ஆனால் கேள்விக்கு இடமில்லாத தலைமை, பிளவைத் தானே பெற்றெடுக்கும் என்பதற்கு முக்குப்பேறியைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அடுத்த தலைமுறையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா இதே கேள்வியை உலக மேடையில் வைத்தார். 1910-ல் எடின்பர்க் மிஷனரி மாநாட்டில், 35 வயது இந்தியர், தியாகம் செய்ய வந்திருக்கிற மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு உங்கள் நட்பு வேண்டும் என்ற பொருளில் பேசினார். கூட்டத்தில் சிலருக்கு அது கசந்தது. 1912-ல் அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். ஏழைச் சபையும் தன் காணிக்கையில் தன் ஊழியரைத் தாங்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். நெல்லையில் சமைக்கும்போது உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் தெரிந்தவருக்கு அது எளிதாக வாய்த்த பாடம்.

துரைமார் போன பிறகு வந்தது தேர்தல். சேகரக் கமிட்டி, பெருமன்ற உறுப்பினர், செயற்குழு என்று எல்லாவற்றுக்கும் ஓட்டு. காகிதத்தில் பார்த்தால் இவ்வளவு பொறுப்புக் கேட்கும் அமைப்பு தமிழ்நாட்டின் சமய நிறுவனங்களில் அரிது. நடப்பில், டி.சி. எனப்படும் திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் என்றால் அணி பிரிகிறது, சுவரொட்டி ஒட்டப்படுகிறது, வேன் ஓடுகிறது. ஊர்க் கோயிலின் கூரையைப் பழுதுபார்க்க யாரும் இவ்வளவு ஓடுவதில்லை. திருமண்டலத்தின் கையில் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன, அரசு சம்பளம் தரும் ஆசிரியர் பணியிடங்கள் இருக்கின்றன, நிலம் இருக்கிறது. போட்டி அதற்காக. நிலத்தின் பத்திரம் பெரும்பாலும் ஊர்ச் சபையின் பெயரில் இல்லை, 1947-ல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கிறது. பாட்டனார் பிடியரிசி சேர்த்து வாங்கிய இடம் விற்கப்படுகிறதா, குத்தகைக்குப் போகிறதா என்பது ஊருக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு புது வகைத் தலைவர் உருவானார். அங்கியும் இல்லை, குருப்பட்டமும் இல்லை. ஊரில் பணமும் ஆள்பலமும் உள்ளவர். கமிட்டியில் பரம்பரையாக இருப்பவர். புதிதாக மாற்றலாகி வந்த இளம் குருவானவர் இவரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பார்க்காவிட்டால் குருமனைக் குழாயில் தண்ணீர் வராது, பேராயருக்கு மொட்டைக் கடுதாசி போகும், ஐயரம்மாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது சுற்றும். சபைத் தலைமை என்றாலே குருவானவரின் அதிகாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம். குருவானவரைக் கைக்குள் வைத்திருப்பவரின் அதிகாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுத்தமான கணக்கு, நேர்மையான குருவானவருக்குத்தான் முதல் பாதுகாப்பு. பதிவேடு சரியாக இருந்தால் மொட்டைக் கடுதாசி செல்லாது.

கேள்வி கேட்கும் உரிமை எல்லாருக்கும் ஒன்றாகவும் இருந்ததில்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக ஆலயத்தையே பிரித்துக் கட்டியிருந்தார்கள்; தடுப்பு 1910-ல்தான் இடிந்தது. 2008-ல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டபோது மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். கணக்குக் கேட்க எழுந்து நிற்பவரின் தெரு எது என்று பார்த்துப் பதில் சொல்கிற சபைகள் இன்றும் இருக்கின்றன.

பெண்கள் நிலையும் இதேதான். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013-ல் நந்தியாலில் பெண் பேராயரைக் கண்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளை நிரப்புகிற பெண்கள், கமிட்டி மேஜையில் ஓரிருவராகவே இருக்கிறார்கள். நான் பார்த்தவரை ஊர்ச் சபைகளில் மிகத் துல்லியமான கணக்கு பெண்கள் ஐக்கிய சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். அரிசி எத்தனை படி, விற்றது எவ்வளவு, ஊழியத்துக்கு அனுப்பியது எவ்வளவு என்று பைசா வரை.

பங்கும் பாஸ்டரும்

கத்தோலிக்கப் பங்குகளில் தேர்தல் சத்தம் இல்லை. பங்குத்தந்தையை நியமிப்பவர் ஆயர், மாற்றுபவரும் ஆயர். ஆனால் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அருள்பணிப் பேரவை அப்படிக் கட்டாயம் இல்லை. ஆயர் விரும்பினால் அமைக்கலாம், அதற்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. இதே தொகுப்பில், மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பங்கு மக்களில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. 2024 அக்டோபரில் வத்திக்கானில் முடிந்த மாமன்றத்தின் இறுதி ஆவணம் வெளிப்படைத்தன்மையும் பொறுப்புக்கூறலும் வேண்டும் என்று அழுத்தியிருக்கிறது. ரோமாபுரி சொன்னதைப் பங்குத்தந்தை செய்கிறாரா என்று கேட்பது இனிப் பங்கு மக்களின் வேலை.

தனிச் சபைகளின் கதை வேறு. வீட்டு மொட்டைமாடியில் ஐந்து குடும்பங்களோடு ஜெபக்கூட்டம் தொடங்கும். பாஸ்டர் வேலையை விடுவார், மனைவியின் நகையை விற்று ஆஸ்பெஸ்டாஸ் கூரை போடுவார். யாரும் உதவாத நாட்களில் நோயாளியின் படுக்கையருகே இராமுழுதும் உட்கார்ந்தவர் அவர். இதை மறந்துவிட்டு எல்லாப் பாஸ்டர்களையும் ஏளனம் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். சிக்கல் சபை வளர்ந்த பிறகு வருகிறது. டிரஸ்ட் பதிவாகிறது, அறங்காவலர்கள் அவர், மனைவி, மகன். கட்டடம் யாருடையது, அவருக்குப் பின் யார், என்பதைச் சபை தீர்மானிக்க வழியே இல்லை. 1924-ல் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்கள் மணம் செய்வதில்லை, சம்பளம் வாங்குவதில்லை, விசுவாச வீட்டில் ஒன்றாக வாழ்கிறார்கள். அங்கே தலைமையின் பிடி இறுக்கம்தான். ஆனாலும் சபைச் சொத்து பிள்ளைகளுக்குப் போகும் கேள்வி எழுவதில்லை. குடும்பம் நடத்தும் டிரஸ்டில் அந்தக் கேள்வி தினமும் நிற்கிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. வரிவிலக்குப் பெற்ற டிரஸ்ட், வருமானம் வரம்பைத் தாண்டினால், வருமான வரித்துறைக்குத் தணிக்கை அறிக்கை கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை 2020 திருத்தத்துக்குப் பிறகு பாரத ஸ்டேட் வங்கியின் புதுடில்லிக் கிளைக் கணக்கில் மட்டுமே வரலாம். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறங்கியது. ஆக அரசாங்கத்துக்குக் கணக்கு எழுதத் தெரிந்த சபைகள்தான் இவை. அதே தாளைக் காணிக்கை போட்ட விசுவாசிக்குக் காட்ட ஏன் தயங்க வேண்டும்?

தாவீதின் கையில் இருந்த துணி

கேள்வி கேட்கிறவரின் வாயை அடைக்க ஒரு வசனம் தயாராக இருக்கிறது. 105-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்து, அபிஷேகம் பெற்றவர்மேல் கைவைக்காதே என்பார்கள். சவுலைக் கொல்ல மறுத்த தாவீதையும் சாட்சிக்கு அழைப்பார்கள். தாவீதின் கதை வரும் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். எங்கேதிக் குகையில் தாவீது சவுலைத் தொடவில்லை என்பது சரி. ஆனால் அங்கியின் ஓரத்தை அறுத்துக்கொண்டு வெளியே வந்து, ராஜாவைக் கூப்பிட்டு, அந்தத் துணியைத் தூக்கிக் காட்டி, என்னை ஏன் இப்படித் துரத்துகிறீர் என்று கேட்டார். ஆதாரத்தோடு, மரியாதையோடு, வெளிப்படையாக. சவுல் அழுது ஒப்புக்கொண்டார். கை நீட்டாமல் கேள்வி கேட்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல வேதபாடம் இல்லை. நம் பிரசங்கங்களில் இதன் முதல் பாதிதான் அடிக்கடி வருகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதைக் கலகம் என்று சொல்லவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். பவுல் எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைத் தானே எடுத்துப் போகலாம். அவரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் கூட அனுப்பினார். தேவனுக்கு முன் மட்டும் அல்ல, மனிதருக்கு முன்னும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். வெஸ்ட்ரி மேஜையில் இருவர் எண்ணுவதன் வேர் அங்கே இருக்கிறது.

பணம் தவிர இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதில் தாமதத்துக்கே இடமில்லை. ஞாயிறு பள்ளி, விடுதி, வாலிபர் முகாம், பாடகர் குழுப் பயிற்சி என்று பிள்ளைகளைச் சபையை நம்பி அனுப்புகிறோம். அங்கே தவறு நடந்ததாகத் தெரிந்தால் அதைக் கமிட்டிக்குள் பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீஸில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பவர் சபையின் பெயரைத்தான் காப்பாற்றுகிறார், பிள்ளையை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரை மாற்றல் செய்து இன்னொரு சேகரத்துக்கு அனுப்புவது தீர்வும் ஆகாது. அந்த ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, ஆசீர்வாதத்துக்கு முன், ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் நடைபெறும் என்று அறிவிப்பு வரும். கடைசிப் பாட்டு முடிவதற்குள் பாதி பெஞ்சு காலி. மிஞ்சிய இருபது பேர் முன்னால் அறிக்கை வேகமாக வாசிக்கப்படும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், ஜெபத்தோடு முடியும். இந்த இருபது பேர்தான் அடுத்த மூன்றாண்டுகளுக்கு யார் தலைவர் என்பதையும் ஏற்பாடு செய்கிறார்கள்.

இந்த ஆண்டு எழுந்து போகாதீர்கள். வரவு செலவு அறிக்கையை ஒரு வாரம் முன்பே ஆலய வாசலில் ஒட்டச் சொல்லிக் குருவானவரிடம் இன்றே கேளுங்கள். தணிக்கை செய்தவர் யார், ஏலப் பாக்கி யார் யாருடையது, கியூஆர் கோடில் வந்த பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று எழுந்து நின்று மரியாதையாகக் கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் வாலிபரையும் கூட உட்கார வையுங்கள். பதில் வந்தால் குருவானவருக்கும் கமிட்டிக்கும் வெளிப்படையாக நன்றி சொல்லுங்கள். வராவிட்டால், கேட்டதையும் பதில் கிடைக்காததையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.